தண்ணீர் இருந்தும் தாகம்

இரண்டாம் ஆண்டு சிவில் பிரிவு மாணவன், ஏம்பலம்



வாடின செடியைப் பார்த்தால் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வேரில் ஊற்றுவோம். சாயங்காலத்துக்குள் செடி நிமிர்ந்துவிடும். ஆனால் தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடிக்கொண்டே போன ஒரு கத்தரித் தோட்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நான் பத்தாவது எழுதி முடித்த கோடையில், என் மாமா கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலுக்குப் பக்கமாக அரைக் காணி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரி வைத்தார். முதல் மாதம் செடி நன்றாகத்தான் இருந்தது. சித்திரை வெயில் ஏற ஏற இலையின் ஓரம் கருக ஆரம்பித்தது. "தண்ணி போதல" என்றார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இறைத்தவர் தினமும் இறைத்தார். "சத்து போதல" என்றார்கள். யூரியா வைத்தார். பத்தே நாளில் பாதித் தோட்டம் போய்விட்டது. ஏம்பலத்திலிருந்து பார்க்க வந்த ஆயா மட்டும் குனிந்து பாத்தி ஓரத்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "மண்ணு பூத்துக் கெடக்குதே, பாத்தீங்களா?" என்றார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

அந்தத் தோட்டத்தை நான் மறந்தே போயிருந்தேன். இந்த ஆண்டு ஜனவரியில் நம் பிரிவிலிருந்து கல்விச் சுற்றுலாவாக ஊட்டிக்குப் போனபோது அது திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. தலைகுந்தா தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்தின் பள்ளத்தில் இருந்த செடிகள் மட்டும் நெருப்பில் வாட்டியது போல இருந்தன. இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல ஈரம். "பனி எரிச்சிடுச்சு தம்பி" என்றார் அங்கே வேலை செய்துகொண்டிருந்த அக்கா ஒருவர். இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் மாமாவின் கத்தரி இலை மாதிரியே கருகியிருந்தது. வெயிலில் கருகியதும் பனியில் கருகியதும் எப்படி ஒன்று போல இருக்கும்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். விவசாயப் படிப்பு நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் பம்பு வருகிறது, பிரஷர் வருகிறது, மண் பரிசோதனை வருகிறது. எல்லாம் நம் சிலபஸ்தான்!

மோட்டார் இல்லாத பம்பு

ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் படித்திருக்கிறோம். உறிஞ்சும் பம்பு எவ்வளவு பெரிய குதிரைத்திறன் ஆனாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சித் தூக்க முடியாது. நடைமுறையில் 7 மீட்டர்தான். ஏனென்றால் குழாய்க்குள் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம். அதற்கு அவ்வளவுதான் சக்தி. ஆனால் நம் ஊர்த் தென்னை 20 மீட்டர் உயரத்தில் இளநீர் வைத்திருக்கிறதே! அது எந்த மோட்டார்?

மோட்டார் இலையில் இருக்கிறது. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. இலைத்துளைகள் என்று பெயர். வெயில் வந்ததும் இவை திறக்கும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே போகும். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படி ஆவியாகத்தான் போகிறது. ஒரு துளி போனால் அது பின்னால் இருக்கும் துளியை இழுக்கும், அது அதற்குப் பின்னால் இருப்பதை இழுக்கும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் இலையிலிருந்து வேர்வரை ஒரே கயிறாக இழுபடுகிறது. 1894-ம் ஆண்டு அயர்லாந்தின் டிக்ஸன், ஜோலி என்ற இருவர் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் இருப்பது இதுதான்.

ஆகச் செடி தண்ணீர் குடிப்பது ஒரு கயிறு இழுக்கும் போட்டி. ஒரு பக்கம் இலை இழுக்கிறது. மறு பக்கம் மண் பிடித்துக்கொள்கிறது. மண்ணின் பிடி இலையின் இழுப்பை விட அதிகமாகிவிட்டால் செடி தோற்றுவிடும். நாம் அதை வாடல் என்கிறோம்.

இந்தப் பிடியை அளக்க 'பார்' என்ற அலகைப் பயன்படுத்தலாம். பைக் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2 பார். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் வரும்.

முதல் பூட்டு: காய்ந்த மண்

நல்ல மழை பெய்து, அதிகப்படி நீர் வடிந்து ஒன்றிரண்டு நாள் ஆன நிலத்தில், மண் தண்ணீரைப் பிடித்திருக்கும் பிடி சுமார் மூன்றில் ஒரு பார்தான். செடிக்குச் சர்பத் குடிப்பது மாதிரி. நாள் ஆக ஆகப் பெரிய இடைவெளிகளில் இருந்த நீர் தீர்ந்துபோய், மண் துகளை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். படலம் மெலிய மெலியப் பிடி இறுகும். 5 பார், 10 பார் என்று ஏறி 15 பார் வந்ததும் பெரும்பாலான பயிர்கள் கைவிட்டுவிடும். அதற்கப்புறம் இரவு முழுக்கக் குளிர்ந்தாலும் காலையில் இலை நிமிராது. இதற்கு நிரந்தர வாடல் நிலை என்று பெயர். மண்ணுக்கு மண் இந்த ஈர அளவு வேறுபடும் என்பதை 1912-ல் அமெரிக்காவின் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் இருவரும் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து காட்டினார்கள். 15 பார் என்றால் ஏழெட்டு பைக் டயர் பிரஷரைச் சேர்த்தது. தலைமுடி அளவு வேர்த்தூவி அதற்கு எதிராக இழுக்கிறது!

இதில் நம் லேபோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. ஈர மண்ணை எடை போட்டு, அடுப்பில் 105 டிகிரியில் 24 மணி நேரம் காயவைத்து, திரும்ப எடை போட்டு ஈரப்பதம் கண்டுபிடிக்கிறோம் அல்லவா? அப்படிப் பார்த்தால், வாடல் நிலையில் மணலில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பங்கு நீர்தான் இருக்கும். ஆனால் களிமண்ணில் அதே வாடல் நிலையில் 15, 20 சதவீதம்கூட நீர் இருக்கும். கையில் எடுத்தால் சில்லென்று ஈரமாகத் தெரியும். செடிக்கு அது ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காது. ஏரிக்கரை ஓரத்துக் களி நிலத்தில், "ஈரம் இருக்குதே, அப்புறம் ஏன் வாடுது?" என்று நம் பெரியவர்கள் கேட்பதற்கு இதுதான் பதில்.

நம் பகுதிக்கு வறட்சி என்றால் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை ஏமாற்றுவதுதான். புதுச்சேரிக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் வருகிறது. 2016-ம் ஆண்டை நம் பெற்றோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் சராசரியாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய மழை, சுமார் 168 மில்லிமீட்டர்தான் பெய்தது. 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10 அன்று தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. வானத்துக்குத் தமிழ்நாடு, புதுச்சேரி என்று எல்லை கிடையாது. நம் பக்கமும் அதே வானம்தான்.

வறட்சியில் செடிக்குள் என்ன நடக்கிறது? முதலில் நிற்பது வளர்ச்சி. பலூன் போலச் செல்லுக்குள் நீர் அழுத்தம் இருந்தால்தான் செல் விரியும். அழுத்தம் குறைந்ததும், இலை வாடுவதற்கு முன்பே, புது இலை விடுவது நின்றுவிடும். அடுத்தது, வேர் ஓர் எச்சரிக்கை அனுப்பும். அப்சிசிக் அமிலம் என்ற பொருள் இலைக்குப் போய், "கதவைச் சாத்து" என்று சொல்லும். இலைத்துளை மூடும். தண்ணீர் மிச்சமாகும். ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் அதே கதவு வழியாகத்தான். கதவைச் சாத்தினால் சமையலும் நின்றுவிடும். தாகத்துக்குப் பயந்து பட்டினி கிடப்பதுதான் வறட்சியில் செடியின் கதை.

எப்போது தண்ணீர் இல்லாமல் போகிறது என்பதும் முக்கியம். நெல்லுக்குத் தொண்டைக்கதிர் பருவத்திலும் பூக்கும்போதும் தண்ணீர் நின்றால் மகரந்தம் கெட்டுக் கதிர் முழுக்கப் பதராகிவிடும். மல்லாட்டைக்கு விழுது இறங்கும் நேரம். மேல்மண் காய்ந்து கெட்டியாகிவிட்டால் விழுது உள்ளே போக முடியாமல் நின்றுவிடும். ஆனால் இளம்பருவத்தில் கொஞ்சம் காய்வது கெடுதல் இல்லை. வேர் தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போகும். "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று நம் முன்னோர் சொன்னது சும்மா இல்லை. இன்றைக்கு வேளாண் துறையினர் வயலில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, உள்ளே நீர்மட்டம் 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும் என்கிறார்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் அப்படிக் காயவிடக் கூடாது.

இரண்டாவது பூட்டு: உறைந்த நீர்

இனி ஊட்டிக்கு வருவோம். தமிழில் எல்லாவற்றுக்கும் பனி என்ற ஒரே சொல் இருப்பதால் குழப்பம் வரும். நம் ஊர் மார்கழியில் புல்மேல் இருப்பது நீர்த்துளி. இங்கே தை மாதக் காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் குளிர். நீலகிரியில் நவம்பரில் முதலில் நீர்ப்பனி விழும். பிறகு பிப்ரவரி வரை உறைபனி. புல்தரையில் உப்பைத் தூவியது போல வெள்ளையாக இருக்கும். இமயமலையில் வானத்திலிருந்து பஞ்சு போல விழுவது வேறு. அது வெண்பனி.

உறைபனி மேலேயிருந்து விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில், தரை பகலில் வாங்கிய வெப்பத்தை வானத்துக்குத் திருப்பி விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் கம்பளி போலத் தடுத்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். நான் பார்த்த தோட்டத்தில் பள்ளத்துச் செடிகள் மட்டும் கருகி, மேட்டுச் செடிகள் பிழைத்திருந்தது இதனால்தான். வானிலைக் கருவி தரையிலிருந்து ஏறக்குறைய ஆள் உயரத்தில் இருக்கும். அதில் 2, 3 டிகிரி காட்டும்போதே புல் உயரத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும்.

சரி, பனி எப்படி எரிக்கிறது? நீர் உறைந்தால் கனஅளவில் சுமார் 9 சதவீதம் விரியும். அதனால் செல் வெடித்துச் செடி சாகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் நடப்பது அது இல்லையாம். செல்லுக்குள் சர்க்கரையும் உப்பும் கரைந்திருப்பதால் அது சீக்கிரம் உறையாது. செல்களுக்கு இடையே உள்ள இடத்தில் இருக்கும் நீர்தான் முதலில் உறையும். அங்கே பனிக்கட்டி உண்டானதும் அது பக்கத்துச் செல்லிலிருந்து நீரை உறிஞ்ச ஆரம்பிக்கும். எவ்வளவு பலத்தோடு தெரியுமா? பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 12 பார். மைனஸ் 2 டிகிரி என்றால் 24 பார்! காய்ந்த மண்ணின் 15 பாரையே தாங்காத இலை இதை எப்படித் தாங்கும்? செல் தன் நீரையெல்லாம் பனிக்கட்டிக்குக் கொடுத்துவிட்டு உள்ளேயே சுருங்கி உலர்ந்துபோகிறது. வெயில் வந்து பனி உருகியதும் இலை கருகித் தொங்குகிறது. ஆக, அந்த அக்கா சொன்ன "எரிச்சிடுச்சு" தப்பே இல்லை. உறைபனி என்பது ஒரே ராத்திரியில் வந்து போகும் வறட்சி.

மண் குளிர்ந்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. பூஜ்ஜியம் டிகிரித் தண்ணீர் 30 டிகிரித் தண்ணீரை விட இரண்டு மடங்குக்கு மேல் பிசுபிசுப்பானது. வேரின் சவ்வும் குளிரில் நீரை எளிதில் விடாது. காலை எட்டு மணிக்கு நீலகிரி வெயில் சுள்ளென்று அடிக்கிறது. இலை இழுக்கிறது. கீழே வேர் இன்னும் விறைத்துக் கிடக்கிறது. மண்ணில் ஈரம், இலையில் தாகம்!

ஊட்டியில் மேல்மண்தான் லேசாக உறைகிறது. கனடா, ரஷ்யா போன்ற நாடுகளில் வேர் இருக்கும் ஆழம் முழுவதுமே வாரக்கணக்கில் கல்லாகிவிடும். ஊசியிலை மரங்கள் குளிர்காலம் முடியும் தறுவாயில் வெயிலில் நின்றபடி பழுத்துக் காய்வதுண்டு. நீர் காலடியிலேயே இருக்கிறது, ஆனால் கட்டியாக இருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஷிம்பர் 1898-ல் எழுதிய தாவரப் புவியியல் நூலில் இந்த நிலைமைக்குத் தனிப் பெயரே வைத்தார். உடலியல் வறட்சி என்று தமிழில் சொல்லலாம். மண்ணைப் பார்த்தால் வறட்சி இல்லை, செடியின் உடம்புக்குத்தான் வறட்சி.

உலகம் சூடாகிறது, அதனால் மண் உறைவது குறையும் என்று நாம் நினைப்போம். எப்போதும் அப்படி இல்லை. வெண்பனி மண்ணுக்குக் கம்பளி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பார்ட் புரூக் என்ற காட்டில், 1990-களின் இறுதியில், குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த வெண்பனியை வாரி அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். போர்வை போன மண் ஆழமாக உறைந்தது. மெல்லிய வேர்கள் அதிகமாகச் செத்தன. வேர் எடுத்திருக்க வேண்டிய நைட்ரேட் சத்து நீரோடு வழிந்து போனது. குளிர் குறைந்து வெண்பனி விழாமல் போனால், நடுவில் வரும் ஒரு கடுங்குளிரில் மண் முன்பைவிட அதிகமாக உறையலாம்.

நம் புதுச்சேரிக்கும் இந்த விஷயத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கடற்கரை ஓரத்தில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து பிளாஸ்கோ என்ற அறிஞர் தென்னிந்திய மலைகளின் காடுகளையும் புல்வெளிகளையும் ஆராய்ந்து 1971-ல் ஒரு நூல் வெளியிட்டார். நீலகிரி உச்சியில் பள்ளங்களில் சோலைக்காடும் மேட்டில் புல்வெளியும் கோடு கிழித்தது போலப் பிரிந்திருக்கும். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்தாலும் கன்று நிலைப்பது அரிது. தீ, மண்ணின் ஆழம் என்று பல காரணங்கள் சொன்னாலும், உறைபனி அதில் முக்கியமானது. சோலைக்குள் மரக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைக்கும். திறந்த புல்வெளியில் அந்தக் கூரை இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை மரம் இந்தக் குளிரைத் தாங்குவதால்தான் புல்வெளிகளைப் பிடித்துக்கொண்டு பரவுகிறது. ஒரு மலையின் முகத்தையே ஜனவரி மாதத்து இரவுகள் தீர்மானிக்கின்றன!

காத்து பிடித்த குழாய்

வறட்சியும் உறைபனியும் சேரும் இன்னோர் இடம் செடியின் தண்டு. புட்வால்வ் கசிந்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. "காத்து புடிச்சிடுச்சு" என்போம். செடியின் நீர்க்குழாய்க்கும் அதே நோய் உண்டு. வறட்சியில் இலை மிகப் பலமாக இழுக்கும்போது நீர்க்கயிறு பட்டென்று அறுந்து உள்ளே குமிழி புகுந்துவிடும். நுண்ணிய ஒலிக்கருவி வைத்தால் அது அறுபடும் சத்தத்தையே கேட்கலாம். குளிர்நாடுகளில் தண்டு உறையும்போது நீரில் கரைந்திருந்த காற்று கரைசலை விட்டு வெளியேறிக் குமிழியாகும். ஐஸ் கட்டியின் நடுவில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதே காற்றுதான். உருகும்போது அந்தக் குமிழி பெருத்துக் குழாயை அடைக்கும். பிறகு மழையே பெய்தாலும் அந்தக் குழாய் வேலை செய்யாது. வறட்சி முடிந்து ஆறு மாதம் கழித்து மரம் பட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கெடுதலை மட்டும் சொன்னால் நியாயமாகாது. மண் நன்றாகக் காய்ந்து நனையும்போதும், உறைந்து உருகும்போதும், செத்த நுண்ணுயிர்களின் சத்து ஒரேயடியாக வெளிப்படும். கென்யாவில் பர்ச் என்பவர் 1958-ல் இதை விளக்கி எழுதினார். வள்ளுவரோ உழவு அதிகாரத்தில், உழுத புழுதியை நான்கில் ஒரு பங்காகக் காயவிட்டால் எருவே வேண்டாம் என்று என்றைக்கோ சொல்லிவிட்டார். பயிர் இல்லாத கோடையில் மண் காயலாம். பயிர் இருக்கும்போது காயக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது பூட்டு: உப்பு

இப்போது மாமாவின் தோட்டத்துக்குத் திரும்பலாம். அங்கே மண் காயவில்லை, உறையவும் இல்லை. ஆயா கிள்ளிப் பார்த்த வெள்ளைப் பூ என்ன? உப்பு!

உப்பும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கடல்நீர் 25 பாருக்கு மேல் பிடித்திருக்கிறது. அதனால்தான் கடல் முழுக்கத் தண்ணீர் இருந்தும் குடித்தால் தாகம் தீர்வதில்லை. மண் நீரின் மின்கடத்துத்திறன் 4 என்று மீட்டர் காட்டினால் உவர் நிலம் என்கிறோம். அதன் பிடி சுமார் ஒன்றரை பார்தான். ஆனால் வெயிலில் பாதி நீர் ஆவியானால் உப்பு ஆவியாகாது. பிடி இரண்டு மடங்காகும். இறைக்கிற கிணற்று நீரிலேயே உப்பு இருந்தால், தினமும் இறைப்பது என்பது தினமும் உப்பு போடுவது. அதன்மேல் வைத்த யூரியாவும் கரைந்து இன்னும் பிடியைக் கூட்டும். மாமா மருந்து என்று நினைத்துக் கொடுத்தது எல்லாம் பூட்டின் மேல் பூட்டு.

கிணற்றுக்கு உப்பு எங்கிருந்து வந்தது? இங்கேதான் வறட்சி மறுபடியும் வருகிறது. கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீர் 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் இருவரின் விதி இது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மழை பொய்த்து, மோட்டார்கள் இறைத்து நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறி வரும்! மழை வந்ததும் மண் ஒரு நாளில் நனைந்துவிடும். உப்பு ஏறிய நிலத்தடி திரும்ப ஆண்டுக்கணக்கு ஆகும்.

பாகூர் ஏரியின் அருமை எனக்கு இப்போதுதான் புரிகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து ஏரி நிரம்பினால் அது வயலுக்கு மட்டும் பாய்வதில்லை. மெதுவாக மண்ணுக்குள் இறங்கிக் கடலைத் தள்ளி நிறுத்துகிறது. வாய்க்காலில் குப்பை கொட்டுகிறவர் கடலுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார் என்றே சொல்லலாம்.

ஃபெஞ்சல் புயலின்போது இதற்கு நேர்மாறான காட்சியையும் பார்த்தோம். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த அந்தப் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை வெள்ளம் வேறு. முழங்கால் தண்ணீரில் நின்ற காய்கறிச் செடிகள் வாடித் தொங்கின! வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் காற்று இடம் முழுவதும் நீர் புகுந்தால் வேர் மூச்சுத் திணறி, நீரை உள்ளே விடும் வேலையை நிறுத்திவிடும். நெல்லுக்குத் தண்டிலிருந்து வேருக்குக் காற்றுக் குழாய் இருப்பதால் தப்பிக்கிறது. கத்தரிக்கு அது கிடையாது.

என்ன செய்யலாம்?

வாடின செடியைப் பார்த்தவுடன் மோட்டார் கொட்டாய்க்கு ஓடாமல் முதலில் சில கேள்விகள் கேட்கலாம்.

ஒரு சாண் ஆழம் தோண்டிப் பிடித்துப் பார். மண் உருண்டை பிடிக்கிறதா? பிடிக்கவில்லை என்றால் உண்மையான வறட்சி. தண்ணீர் விடலாம். இருப்பது கொஞ்சம் என்றால் பூக்கும் பருவத்துக்கு அதைச் சேமித்து வைக்கலாம்.

ஈரம் இருந்தும் வாடுகிறதா? மேலே வெள்ளை பூத்திருக்கிறதா? மண்ணையும் கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் எடுத்துப் போய் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். நமக்குக் குரும்பாப்பேட்டையிலேயே பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. உப்பு என்று தெரிந்தால் உரத்தை நிறுத்தி, மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடிய விட வேண்டும். நெல் போடுவதானால் திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய். ரகங்கள் உவரைத் தாங்கும். வறட்சிக்குப் பரமக்குடியில் உருவாகி 2009-ல் வெளிவந்த அண்ணா நெல் 4 இருக்கிறது.

நீர் தேங்கியிருக்கிறதா? முதலில் வடிகால். பிறகுதான் மற்றது.

மலைநாட்டு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டி வந்து பூச்செடிகள் மேல் போர்த்துகிறார்கள். விடிவதற்கு முன் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது என்று பிசிக்ஸில் படித்தோமே, அதன் உபயோகம் இங்கே இருக்கிறது. நம் ஊரில் அதே போர்வைக்கு மூடாக்கு என்று பெயர். வைக்கோலோ கரும்புத் தோகையோ பாத்தியில் பரப்பினால் ஆவியாவது குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும். அங்கே குளிருக்குப் போர்வை, இங்கே வெயிலுக்குப் போர்வை. இரண்டும் தாகத்துக்குத்தான்.

கடைசியாக ஒன்று. அந்தக் கத்தரித் தோட்டத்துக்கு வாங்கிய கடனை அடைக்க மாமா இன்றைக்கும் கொத்து வேலைக்குத்தான் போகிறார். சுற்றுலா முடிந்து வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். பார், டிகிரி எல்லாம் சொல்லவில்லை. பைக் டயர் கணக்கு சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "இத அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா யூரியா காசாவது மிஞ்சியிருக்கும்" என்றார். உள்ளேயிருந்து ஆயா குரல் வந்தது. "நான் சொன்னேன்டா. நீங்க யாரும் கேக்கல!"

நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணால் கண்டதற்குக் காரணம் சொல்லத்தான் நாம் படிக்க வந்திருக்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றியது. அடுத்த முறை வாடின செடியைப் பார்த்தால் சொம்பை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து மண்ணைத் தொட்டுப் பாருங்கள், நண்பர்களே. பக்கத்தில் ஆயா யாராவது இருந்தால் அவர்களையும் கேளுங்கள்.